பாடசாலைக் கடதாசி: கடகத்துக்கு வருமுன்னும் வந்த பின்னும்

பாடசாலைக் கழிவுக் கடதாசி பற்றிப் பேச்சு வந்தால் அநேகமாக அது குப்பைத் தொட்டியில்தான் போய் நிற்கும். நீலத் தொட்டி வாங்குவோம், 'கடதாசி மட்டும்' என்று எழுதி ஒட்டுவோம், யாராவது நலன்விரும்பி தருவார். தொட்டியோ பனையோலைக் கடகமோ தேவைதான். ஆனால் வீணாகும் கடதாசியில் பெரும்பங்கு அதற்கு வெகு முன்பே, அச்சடிக்கும் அறையில், வீணாகிவிடுகிறது. கணக்கை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

ஓர் ஏ4 ஒற்றையின் (ஒரு தனித்தாளின்) பரப்பு ஒரு சதுர மீற்றரில் 16இல் ஒரு பங்கு. ஆகவே '80 கிராம்' தாளில், அதாவது சதுர மீற்றருக்கு 80 கிராம் பாரமுள்ள தாளில், ஒற்றை ஒன்று 5 கிராம். 500 ஒற்றை உள்ள றீம் 2.5 கிலோ. சாதாரண தர (தரம் 10, 11) வகுப்பொன்றில் 35 பேர், 9 பாடம், பாடத்துக்கு ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த 4 ஒற்றை என்று வைப்போம். ஒரு தவணைப் பரீட்சைக்கு 1260 ஒற்றை. மூன்று தவணைக்கும் 3780 ஒற்றை, அதாவது ஏழரை றீமுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 19 கிலோ. ஒரேயொரு வகுப்புக்கு, வினாத்தாள் மட்டும். விடை எழுதும் ஒற்றை, அலகுப் பரீட்சை, செயலட்டை, பாஸ் பேப்பர் (கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்) எதுவும் இதில் இல்லை. இருபக்கமும் அடித்தால் இது அப்படியே பாதியாகும். வேறெந்தத் திட்டமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தராது.

பிறகு ஏன் ஒருபக்கம் அடிக்கிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடலாம், ஆனால் உண்மையான காரணங்கள் வேறு. பாடசாலைகளில் பிரதி அடிக்கும் றிசோ, டூப்ளோ மெஷின்களின் மை உலர்வதில்லை, தாளுக்குள் உறிஞ்சப்படுகிறது. அடித்த கையோடு திருப்பிப் போட்டால் உருளையில் மை பட்டு அடுத்தடுத்த ஒற்றைகளில் கறுப்புத் தடம் விழும். முதல் பக்கத்தைக் காலையில் அடித்தால் இரண்டாம் பக்கத்தைப் பின்னேரம் அடிக்கவேண்டும்; மாரி காலமென்றால் அடுத்த நாள். வினாத்தாள் பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம்தான் ஆசிரியரிடமிருந்து வருமென்றால் இது நடவாது. எனவே இருபக்க அச்சின் முதல் நிபந்தனை மெஷினில் இல்லை, வினாத்தாள் கையளிக்கும் திகதியில் இருக்கிறது. பரீட்சைக்கு ஐந்து வேலை நாள் முன்னதாகக் கையளிக்கவேண்டும் என்று பகுதித் தலைவர்கள் பிடிவாதமாக நின்றால் போதும்.

இரண்டாவது காரணம் தாளின் பாரம். 60, 70 கிராம் தாளில் றிசோ மை மறுபக்கம் தெரியும், வாசிக்கிற பிள்ளைக்குக் கண் கூசும். இருபக்கம் அடிக்க 80 கிராம் தாளே வேண்டும். விலை கூடுதல்தானே என்று கேட்பார்கள். 70 கிராமில் ஒரு பக்கம் அடித்தால் பக்கத்துக்கு 70 கிராம் பங்கு. 80 கிராமில் இரு பக்கம் அடித்தால் 40. மூன்றாவது, பின்பக்கம் இருப்பதைக் கவனிக்காமல் விடையெழுதாமல் விட்டுவிடும் பிள்ளைகள். அடியில் 'மறுபக்கம் பார்க்க' என்று தடித்த எழுத்தில் போட்டு, மேற்பார்வையாளர் தொடக்கத்திலேயே பக்க எண்ணிக்கையை வாசித்தால் அது தீரும்.

அடுத்தது ஓரம். கணினி தானாக விடும் ஓரம் நான்கு பக்கமும் 2.54 சென்ரிமீற்றர். அதை 1.5 ஆக்கினால் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் சுமார் 23 சதவீதம் கூடும். ஐந்து பக்க வினாத்தாள், இடையிலுள்ள வெற்று வரிகளையும் கொஞ்சம் இறுக்கினால், நாலு பக்கத்துக்குள் வரும். இருபக்க அச்சில் ஐந்து பக்கம் மூன்று ஒற்றை, நாலு பக்கம் இரண்டு ஒற்றை. அந்த ஒரு பக்கத்தில்தான் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது, மெஷின் விளிம்பு எழுத்தைத் தின்றுவிடும். ஆரம்பப் பிரிவுக்கு எழுத்தைச் சிறிதாக்கும் வேலையும் வேண்டாம். தரம் 1, 2 பிள்ளைக்குப் பெரிய எழுத்தும் நிறைய இடமும் வேண்டும், அது வீண்செலவு ஆகாது.

புது மாஸ்ரர் (மெஷினில் சுற்றும் அச்சு மூலத்தாள்) போட்டதும் முதல் ஐந்தாறு பிரதிகள் மங்கலாகவோ சரிந்தோ விழும். அதற்குப் புதுத் தாளைக் கொடுக்கத் தேவையில்லை. ஒருபக்கம் பாவித்த ஒற்றைகள் பத்தைத் தட்டின் மேலே வைத்து அதில் சரிபார்த்துவிட்டு நல்ல தாளை ஓடவிடுவது பழகிய அச்சுக்காரர் செய்கிற வேலை. இதை றிசோவில் தாராளமாகச் செய்யலாம், போட்டோக்கொப்பி மெஷினில் கவனமாகத்தான் செய்யவேண்டும். ஸ்ரேப்பிள் கம்பி ஒன்று உள்ளே போனால் ட்ரம்மில் கீறல் விழும், அந்தத் திருத்தச் செலவுக்குப் பல பெட்டித் தாள் வாங்கலாம். கம்பி குத்திய, மூலை மடிந்த, ஈரம் பட்ட ஒற்றை எதுவும் மெஷினுக்குள் போகக்கூடாது. அதெல்லாம் கணக்குச் செய்து பார்க்கத்தான்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இன்னொரு வீண்விரயம் உண்டு. பிரித்த றீம் ஈரக்காற்றை உறிஞ்சி விளிம்பில் சுருளும், மெஷினில் சிக்கும், ஒவ்வொரு சிக்கலுக்கும் நாலைந்து ஒற்றை கசங்கும். றீமின் உறையைக் கிழித்து எறியாமல், தேவையான அளவை மட்டும் எடுத்துவிட்டு அந்த உறைக்குள்ளேயே மூடி இரும்பு அலுமாரியில் வைக்கவேண்டும். அந்த உறையின் உட்பக்கத்தில் ஈரம் புகாத பூச்சு இருக்கிறது. அதனாலேயே அது கழிவுக் கடதாசியோடு சேராது, ஆனால் கொப்பிக்கு நல்ல உறையாகும்.

தாள் என்றைக்கும் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது என்பது இலங்கைக்குப் புதிய பாடம் அல்ல. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி இல்லாமல் தாள் இறக்க வழியின்றி மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக்கு அது அதற்கும் முந்திய அனுபவம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. ஒரு கொப்பியை எப்படி முழுதாகப் பாவிப்பது என்று அந்தக் காலத்தில் படித்த ஆசிரியர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

கொப்பிக்கு வருவோம். ஆண்டு முடிவில் வீடுகளில் கிடக்கும் பாதி எழுதிய கொப்பிகள்தான் எல்லாவற்றிலும் நல்ல மூலப்பொருள். அதைக் கூழாக்குவது பாவம். வெற்றுத் தாளைப் பிரித்தெடுத்துப் புதுக் கொப்பி கட்டலாம். இதில் பலர் இடறுகிற இடம் ஒன்று உண்டு. 80 பக்கக் கொப்பி என்பது நடுவில் மடித்துக் கம்பி குத்திய 20 ஒற்றை. ஒவ்வொரு ஒற்றைக்கும் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு தாள். பிள்ளை முன்னிருந்து எழுதிக்கொண்டு போகும்போது வெளி ஒற்றைகளின் முன்பாதிதான் முதலில் நிரம்புகிறது. 20 பக்கம் எழுதியிருந்தால் வெளியில் உள்ள 10 ஒற்றைகளின் முன்பாதி போய்விட்டது. உள்ளேயுள்ள 10 ஒற்றைகள் முழுதாக வெற்று. 40 பக்கம் எழுதிவிட்டால் பாதிக் கொப்பி வெற்றாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் முழு ஒற்றை ஒன்றுகூடக் கிடைக்காது. எல்லாம் அரைத் தாள். எழுதிய பாதியை மட்டும் இழுத்துக் கிழித்தால் மற்றப் பாதியும் கம்பியிலிருந்து கழன்று வரும்.

ஆகவே கொப்பிகளை முதலில் இரண்டாகப் பிரிக்கவேண்டும். பாதிக்குக் குறைவாக எழுதியவற்றின் கம்பியை நிமிர்த்தி எடுத்து, நடுவிலுள்ள முழு ஒற்றைகளைச் சேர்த்து மடிப்புத் தையல் போடலாம். 12 முதல் 15 ஒற்றை வரை ஓர் அடுக்கு. அதற்கு மேலே போனால் உள் ஒற்றைகள் முன்விளிம்பில் பிதுங்கும். மடிப்பின் நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் 3 சென்ரிமீற்றர் உள்ளே ஒவ்வொன்று என மூன்று துளை குத்தூசியால் குத்தவேண்டும். நூல் கொப்பியின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. உரப்பை வாய் தைத்திருக்கும் பருத்தி நூல் கிடைத்தால் அதுவே போதும். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வரும். வெளியிலிருந்து மேல்துளையால் உள்ளே போகும். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேரே கீழ்த்துளைக்குப் போய் வெளியே வரும். மறுபடி நடுத்துளையால் உள்ளே. இப்போது இரண்டு நூல்முனையும் நடுவில் இருக்கும், இடையில் நீள நூல் ஒன்று ஓடும். ஒரு முனை அந்த நீள நூலின் இப்பக்கம், மற்றது அப்பக்கம் இருக்கும்படி இழுத்து முடிச்சுப் போட்டால் தையல் தளராது. முடிச்சு நூலின் ஒரே பக்கத்தில் விழுந்தால் ஒரு மாதத்தில் கொப்பி ஆடத் தொடங்கும்.

பாதிக்கு மேல் எழுதியவற்றில் வெற்றுத் தாள்களை மடிப்போடு அடிமட்டம் வைத்து வெட்டி எடுக்கவேண்டும். 40 அல்லது 50 தாளைச் சமனாகத் தட்டி, இரண்டு மரத்துண்டுக்கிடையில் இறுக்கி, முதுகிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே துளையிட்டுப் பக்கத் தையல். கொப்பி முழுதாக விரியாது என்பது இதன் குறை, அதனால் உள் ஓரம் இரண்டு சென்ரிமீற்றர் விட்டு எழுதப் பழக்கவேண்டும். மட்டைக்குப் பழைய கலண்டர் தாளை விட நல்லது இல்லை. சீமெந்துப் பையின் கடதாசி உறுதியானது, ஆனால் சீமெந்து படாத நடு அடுக்கை மட்டும் எடுக்கவேண்டும்; தூசி ஒட்டியிருந்தால் கையை அரிக்கும். இப்படிக் கட்டிய கொப்பிகளைப் பாடக்கொப்பியாகக் கொடுத்தால் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், வேறு வேறு கோடுகள் கலந்துவரும். கணிதச் செய்கைக் கொப்பியாகக் கொடுத்தால் எவரும் குறை சொல்லமாட்டார்கள்.

பாஸ் பேப்பர் விடயத்தில் ஒரு வேலை செய்யலாம். ஆண்டுதோறும் எல்லாருக்கும் புதிதாக அடிப்பதை விட்டு, பாடத்துக்கு 40 பிரதி கொண்ட கட்டுகளை உறைபோட்டு வைத்து, விடையைக் கொப்பியில் எழுதவைத்துத் திரும்ப வாங்குவது. பிரதிக்கு இலக்கம் இடாவிட்டால் முதல் வாரமே பத்து குறையும். பல்தேர்வு வினாத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்துத் தருவார்கள், அடுத்த வகுப்புக்கு விடை இலவசம்; வாங்கும்போது ஒரு மாணவத் தலைவர் அழிறப்பரோடு இருப்பது அவசியம். ரியூசன் நிலையங்கள் கொடுக்கும் ரியூட் (பாடக்குறிப்புத் தாள்) வெள்ளத்தைப் பாடசாலையால் நிறுத்தமுடியாது. அதுவும் கடைசியில் பாடசாலைக் கடகத்துக்கே வரட்டும்.

கடகம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வகுப்பறைக்குப் பனையோலைக் கடகம் பிளாஸ்ரிக் வாளியை விட நல்லது. காற்றுப் போய்வரும், கடதாசி பூஞ்சணம் பிடிக்காது, மூடி இல்லாததால் உள்ளே வடைக் கடதாசி போட்டால் உடனே தெரியும். எண்ணெய்தான் எதிரி. இடைவேளையில் எண்ணெய் தோய்ந்த ஒரு கடதாசி விழுந்தால் சுற்றியுள்ள வெள்ளைத் தாளெல்லாம் அதை உறிஞ்சிவிடும். அதனால் கடகம் ஆசிரியர் மேசையருகில், சாப்பாட்டுக் குப்பை வாளி வெளி விறாந்தையில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கிழமையில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கடகத்துக்குள் வராதவை: லமினேற் செய்த அட்டை, பால் பக்கற், காபன் தாள், ரிசு பேப்பர், பளபளப்புப் பூச்சுள்ள கொப்பி மட்டை, கடை றிசீற். றிசீற் வெப்பத்தாளா என்று பார்க்க நகத்தால் ஒரு கீறு கீறினால் போதும், கறுப்புக் கோடு விழும். அதன் பூச்சில் உள்ள இரசாயனம் கூழுக்கும் ஆகாது, பசளைக்கும் ஆகாது. சந்தேகமான உறையைக் கிழித்துப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய பிளாஸ்ரிக் தோல் இழுபட்டு நின்றால் அது கடதாசி அல்ல.

விற்பது என்றால் வெள்ளைத் தாள், பத்திரிகை, காட்போட் மட்டை மூன்றையும் தனித்தனியாகக் கட்டவேண்டும். கலந்து கொடுத்தால் மலிந்ததன் விலைதான் எல்லாவற்றுக்கும். நிறுவை பாடசாலையிலேயே முதலில் நடக்கட்டும்; 500 ஒற்றை ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் உயரம், 2.5 கிலோ என்று தெரிந்தால் தராசு இல்லாமலும் மதிப்பிடலாம். பணம் பற்றுச்சீட்டோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு. கட்டுகளைச் சீமெந்து நிலத்தில் நேரே அடுக்காமல் பலகையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கவேண்டும். மாரியில் ஒரு மாதம் கவனிக்காவிட்டால் கறையான் மண்ணாக்கிவிடும். கோடை முடியுமுன் விற்றுவிடுவது புத்தி.

விற்குமுன் பார்க்கவேண்டியவை இரண்டு. பெயரும் புள்ளியும் உள்ள விடைத்தாள் கச்சான் சரையாகச் சந்திக்குச் சந்தி போவது எந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை. பெயர்ப் பகுதியைக் கிழித்து அதை மட்டும் ஊறவைத்துக் கூழாக்கலாம். அச்சுமை தோய்ந்த தாளில் தின்பண்டம் சுற்றுவதே விரும்பத்தக்கதல்ல என்பது வேறு. மற்றது, சேர்வு இடாப்பு, சம்பவத்திரட்டு, கணக்குப் பதிவுகளை அதிபரின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. பழைய ஆண்டுமலர், பரிசளிப்பு விழா அறிக்கை, நாடக அழைப்பிதழ் போன்றவை 'பழைய பேப்பர்' மூட்டைக்குள் போகவே கூடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. இடப்பெயர்வுகளிலும் எவ்வளவோ போயிற்று. ஒரு பாடசாலையின் அலுமாரியில் கிடப்பது கடைசிப் பிரதியாக இருக்கலாம். 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகம் 2005 முதல் இத்தகைய வெளியீடுகளை ஆவணப்படுத்திவருகிறது. மூட்டை கட்டுமுன் ஒருமுறை அவர்களுடைய பட்டியலில் தேடிப்பார்ப்பது கால் மணித்தியால வேலை.

கிழிசல், கசங்கல், சிறு துண்டுகள் பசளைக் கிடங்குக்கு. தட்டையாகப் போட்டால் பாய் போல ஒட்டிக் காற்றை மறிக்கும். கசக்கி உருட்டிப் போடவேண்டும். கன அளவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், மிச்சம் பச்சை இலைகுழையும் சாணமும். கடதாசியில் நைதரசன் இல்லாததால் கூடினால் உக்கல் நின்றுவிடும். வழக்கம்போல் சருகோடு கூட்டி எரிப்பதைவிட இது மேல். எரிகிற குவியலில் ரொபி உறையும் சேர்ந்தே எரிகிறது.

கடைசியாகக் கையால் கடதாசி செய்வது. கண்காட்சிக்கு எல்லாரும் விரும்புவது இதைத்தான், ஆகவே கணக்கைச் சொல்லிவிடவேண்டும். 20 ஏ4 ஒற்றை 100 கிராம். அதிலிருந்து ஏ5 அளவில் தலா 5 கிராம் கொண்ட 20 தடித்த தாள் வரும். மேலே சொன்ன வகுப்பின் ஓராண்டு வினாத்தாளை இப்படி மாற்ற, இருவர் மணித்தியாலத்துக்கு 20 தாள் எடுத்தாலும், 189 மணித்தியாலம் தேவை. இதை விஞ்ஞான, சித்திரப் பாடமாகச் செய்யலாம், கழிவுக்குத் தீர்வாக நம்பக்கூடாது.

செய்வதானால், கம்பி நீக்கிய தாளை இரண்டு சென்ரிமீற்றர் துண்டாகக் கிழித்து ஓரிரவு ஊறவைக்கவேண்டும். ஒரு கைப்பிடிக்கு ஒரு லீற்றர் தண்ணீர், பிளெண்டரில் 30 விநாடி. கூட அரைத்தால் நார் குறுகித் தாள் நொறுங்கும். தண்ணீர் குறைந்தால் மோட்டர் சுடும். சமையலுக்குப் பாவிக்கும் பிளெண்டர் வேண்டாம். 100 கிராம் கடதாசியின் கூழ், தண்ணீரோடு சேர்த்து 10 லீற்றர் வரும்படி பேசினில் கலக்கவேண்டும். ஏ5 அளவு மரச்சட்டம் இரண்டு; ஒன்றில் நுளம்பு வலையை மேளம் போல இறுக்கி இழுத்துக் கட்டவேண்டும், மற்றது வெறும் சட்டம், அதன்மேல் வைக்க. சாய்த்து உள்ளே விட்டு, மட்டமாகத் தூக்கி, தண்ணீர் வடியும்போதே இரண்டு பக்கமும் ஒருதரம் அசைக்கவேண்டும். வடிந்தபின் அசைத்தால் வெடிப்பு விழும். ஒவ்வொரு முறையும் கூழைக் கலக்கவேண்டும், நாலைந்து தாளுக்கொருதரம் புதுக் கூழ் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் கடைசித் தாள் சிலந்தி வலைதான்.

நனைத்த பழைய வேட்டித் துணியில் கவிழ்த்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு உருட்டி அமத்தினால் தாள் துணிக்கு மாறும். மாறாமல் வலையிலேயே நின்றால் துணி காய்ந்திருக்கிறது அல்லது வலை தொய்ந்திருக்கிறது. பத்துத் தாளை அடுக்கிப் பலகைக்கிடையில் வைத்து இரண்டு சீமெந்துக் கல் ஏற்றி அரை மணித்தியாலம். உலர்த்துவது நிழலில்; வெயிலில் அப்பளமாய்ச் சுருளும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் விறாந்தையில் வைத்தால் தாளை வேலிக்கு அப்பால்தான் பொறுக்கவேண்டும்.

தண்ணீர் இங்கே முக்கியம். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் செய்த தாளில் உப்பு நின்றுவிடும், மாரியில் அது ஈரத்தை இழுக்கும். சட்டத்தில் இரும்பு ஆணி அடித்திருந்தால் கபிலப் புள்ளிகளும் விழும். வலையை நைலோன் நூலால் தைப்பது நல்லது. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைப் பாவிக்கலாம். பேசினில் மிஞ்சிய தண்ணீரை வடித்து அடுத்த தடவைக்கு எடுக்கலாம், இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் நாறும்.

இந்தத் தாளில் பேனா மை ஊறிப் பரவும். அரை லீற்றர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி மரவள்ளி மாவைக் காய்ச்சி ஆறவைத்து, காய்ந்த தாளில் தூரிகையால் இருபக்கமும் பூசி மறுபடி உலர்த்தினால் எழுதலாம். மாப்பூச்சுக்கு இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும், தகரப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். சான்றிதழுக்கும் வாழ்த்து மடலுக்கும் பொருத்தமான தாள், கையால் எழுதுங்கள் அல்லது திரை அச்சில் அடியுங்கள். பிறின்ரருக்குள் விடவேண்டாம், மேலே தளர்ந்து நிற்கும் நார் உருளையில் ஒட்டும்.